கேசரிப் பொடியும் நாற்பது ரூபாய் நோட்டும்

2019 ஜூன். இரவு ஒன்றரை மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் இன்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், லாரி வந்துடுச்சு. காசைக் கையில கொடுத்தாத்தான் ஹோஸ் மாட்டுவேங்கிறான்." நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, நாலாயிரம் ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அதே 12,000 லிட்டர் லாரிக்கு மார்ச் மாதம் 1,500 ரூபாய்தான் கொடுத்திருந்தோம்.

எங்கள் அடுக்ககம் தென்சென்னையின் ஓரத்தில், 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதியில் இருக்கிறது. இரண்டு பிளாக், 48 வீடு, ஏறத்தாழ 160 பேர். அப்போது எங்களுக்குக் குடிநீர் வாரியக் குழாயும் கிடையாது, பாதாளச் சாக்கடையும் கிடையாது. இரண்டு போர்வெல், பற்றாததற்குத் தண்ணீர் லாரி. செப்டிக் டேங்க் நிறைந்தால் கழிவுநீர் லாரி. அந்த வருடம்தான் என்னைச் சங்கத்தின் பொருளாளர் ஆக்கினார்கள். ஒரு கம்பெனியில் இருபது வருடம் கணக்கு எழுதியவள் என்பது சொல்லப்பட்ட காரணம். அன்றைய கூட்டத்துக்கு நான் போகவில்லை என்பதுதான் நிஜமான காரணம்.

சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் தரை வெடித்துக் கிடந்த கோடை அது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அதே நேரம் எங்கள் மொட்டை மாடியில் டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்திருந்தார்கள்.

சிக்கனம் என்ற பெயரில் சங்கம் முதலில் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்தில் போன காசோலை, அதனால் மறைக்க முடியாது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லி ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். மீட்டர் அறையில் மாட்டினால் பில் முப்பது சதவீதம் குறையுமாம். 9,000 ரூபாய். பச்சை விளக்கு அழகாக எரிந்தது, பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பிறகு எலக்ட்ரீஷியன் தம்பி அதைத் திறந்து பார்த்துச் சிரித்தார். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், விளக்கு எரிய ஒரு சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு நிஜமாக வேலைக்கு ஆகிறது என்பதை. பெரிய தொழிற்சாலைக்கு அது பயன்படும், ஏனென்றால் அங்கே அதற்குத் தனியாக அபராதம் உண்டு. நம்மைப் போன்றவர்களின் மீட்டர் யூனிட்டை மட்டும்தான் எண்ணும், அந்த யூனிட்டை இந்தப் பெட்டி தொடவே தொடாது. யாராவது உங்கள் சங்கத்துக்கும் இதைக் கொண்டுவந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த 9,000 ரூபாய் எரிச்சலில்தான், இனி எதையும் வாங்கும் முன் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் எதை அளப்பது? சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால் "பாதிக்குக் கொஞ்சம் கீழ" என்பதுதான் பதிலாக இருந்தது. வழி காட்டியவர் வாட்ச்மேன் அண்ணன். வந்தவாசிப் பக்கம் அவர் ஊர். அவருடைய அப்பா ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கு வைக்கும் வேலை பார்த்தவர். "ஏரியிலேயே கல்லு நட்டு அடையாளம் வெச்சுத்தான் பாப்பாங்க மேடம். இது தொட்டிதானே, ஒரு கோல் விட்டா தெரிஞ்சுட்டுப் போவுது" என்றார்.

பழைய பிவிசி குழாய் ஒன்றை எடுத்து, டெய்லர் டேப் வைத்து, நெயில் பாலிஷில் கோடு போட்டோம். சம்ப் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் என்பது 200 லிட்டர். நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கி ஐந்து பத்தி பிரித்தேன்: நேரம், சம்ப் அளவு, மோட்டார் போட்ட நேரம், அணைத்த நேரம், ஈபி மீட்டர் ரீடிங். லாரி வந்தால் சிவப்பு மையில் தனி வரி.

முதல் வாரமே சிவப்பு வரிகள் பேச ஆரம்பித்தன. 12,000 லிட்டர் கொட்டினால் சம்ப் 60 சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஏறியது 51, சில நாள் 52. ஒரு லோடுக்கு 1,600 லிட்டருக்கு மேல் காணோம். லாரிக்காரரிடம் கோலைக் காட்டினேன். முதலில் சண்டை போட்டார், அப்புறம் ரோடு குலுக்கலில் சிந்திவிடுகிறது என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இனி சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்றுதான் பணம் என்று சொன்னேன். அந்த வறட்சியில் போய்விடுவாரோ என்று பயம்தான். போகவில்லை. மறுவாரத்திலிருந்து 58, 59 வந்தது.

இரண்டு வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் தினமும் 38,000 லிட்டர் செலவழித்துக்கொண்டிருந்தோம். 160 பேருக்கு ஆளுக்கு 237 லிட்டர். நகரங்களுக்கான மத்திய அரசின் திட்ட அளவே ஆளுக்கு 135 லிட்டர்தான். தண்ணீர்ப் பஞ்சத்தில் இருக்கிறோம் என்று புலம்பிக்கொண்டே அதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு செலவு. வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அவரவர் அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள். கார் கழுவுகிறவர்கள், வாடகைக்கு இருக்கும் பையன்கள், செடி வளர்க்கும் மாமி. எல்லாம் தப்பு.

நான் அந்தச் செலவை இப்படித்தான் பார்த்தேன். எங்கள் இடத்தில் ஒரு லிட்டருக்கு மூன்று முறை பணம் போகிறது. உள்ளே வரும்போது லாரிக்கு 33 பைசா. மேலே ஏற்ற மின்சாரம். வெளியே போகும்போது கழிவுநீர் லாரிக்கு இன்னும் ஒரு 13 பைசா. இதில் மின்சாரம் லிட்டருக்கு அரைப் பைசாகூட வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். அதனால் மோட்டாரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் யாரும் பயன்படுத்தாமலே ஓடும் தண்ணீரைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. அடுக்ககத்தில் அதைப் பிடிக்க ஒரே நேரம்தான் உண்டு, நடுராத்திரி.

ஒரு சனிக்கிழமை இரவு 12 மணிக்கு இரண்டு பிளாக் மேல்தொட்டிகளையும் நிரப்பி, மோட்டாரை அணைத்து, அளவு குறித்தோம். அதிகாலை 4 மணிக்கு மறுபடி ஏறினோம். ஏ பிளாக்கில் 3 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. யாரோ பாத்ரூம் போயிருப்பார்கள், சரி. பி பிளாக்கில் 16 சென்டிமீட்டர். அந்தத் தொட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் 75 லிட்டர். நாலு மணி நேரத்தில் 1,200 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200. ஊரே தூங்கும்போது இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

பிளம்பர் தம்பி குழாய்களைத் தடவிப் பார்த்தார், சுவரில் ஈரம் தேடினார். ஒன்றும் இல்லை. "அக்கா, எனக்கு ஃப்ளஷ் டேங்க் மேலதான் சந்தேகம். சத்தமே வராது, உள்ளுக்குள்ளயே இறங்கிட்டிருக்கும்" என்றார். அதைக் கண்டுபிடிக்கும் வித்தையும் அவருடையதே. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரிப் பொடியைப் போட வேண்டும். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. பிறகு கோப்பைக்குள் பார்த்தால் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் கேசரிப் பொடி டப்பாவோடு 24 வீடு ஏறி இறங்கினோம். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாழ்க்கையில் வந்ததில்லை. "பூஜை நடக்குது, அப்புறம் வாங்க" என்றவர்கள் உண்டு. "எங்க வீட்டுல எல்லாம் புது ஃபிட்டிங்" என்று கதவைத் திறக்கவே யோசித்தவர் வீட்டில் இரண்டு பாத்ரூமுமே ஆரஞ்சு. மொத்தம் 11 டேங்க் கசிந்தது. பெரிய குற்றவாளி யார் தெரியுமா? அமெரிக்காவில் இருக்கும் ஒருவரின் பூட்டிய வீடு. அவருடைய தங்கையிடம் சாவி வாங்கித் திறந்தால், மிதவை வால்வு மாட்டிக்கொண்டு, தண்ணீர் மாதக்கணக்கில் கோப்பைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆள் இல்லாத வீடுதான் கட்டடத்திலேயே அதிகம் தண்ணீர் குடித்திருக்கிறது.

வாஷர், வால்வு, பிளம்பருக்கு இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். லாரிக் கணக்கில் அந்தக் கசிவு நாளுக்கு 2,400 ரூபாய். மூன்று நாளில் போட்ட காசு வந்துவிட்டது. ஏ பிளாக்கிலும் பார்த்தோம், நாலு கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம்: ஒரு வாரத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் பாத்ரூம் வால்வை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். இன்றும் வருடத்துக்கு இரண்டு முறை கேசரிப் பரிசோதனை உண்டு. வாஷர் ரப்பர்தானே, எங்கள் உப்புத் தண்ணீரில் இரண்டு வருடம் தாங்கினாலே அதிகம்.

அடுத்து ஏரேட்டர். குழாய் நுனியில் மாட்டும் சின்னச் சல்லடை, காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைத்துவிடும். வாளியும் போன் ஸ்டாப்வாட்சும் வைத்து அளந்தோம். சமையலறைக் குழாயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தது, மாட்டிய பிறகு 5. உற்சாகத்தில் பாத்ரூம் குழாய்களிலும் மாட்டிவிட்டேன். அது என் முட்டாள்தனம். வாளியில் பிடித்துக் குளிக்கிறவர் ஒரு வாளிதான் குளிப்பார், குழாய் மெதுவாக வந்தாலும் அதே வாளிதான். மிச்சம் எதுவும் இல்லை, காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போகிறவர்களின் திட்டு மட்டும்தான் கிடைத்தது. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கழற்றினோம். ஏரேட்டர் பாத்திரம் கழுவும் சிங்க்குக்கும், கை கழுவும் பேசினுக்கும்தான். போர்வெல் தண்ணீரில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி ராத்திரி புளித்தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் பளிச்சென்று ஆகிவிடும்.

ஆர்ஓ மெஷின் பற்றி ஒரு வரி. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்தால் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு கழிவாகப் போகிறது. அந்தக் குழாயை ஒரு குடத்தில் விட்டால் வீடு துடைக்க, பாத்ரூம் கழுவப் போதும். செடிக்கு ஊற்றாதீர்கள், மாமியின் கறிவேப்பிலை அப்படித்தான் போனது.

செப்டம்பர் மாதம் நோட்டின்படி தினசரிச் செலவு 26,000 லிட்டருக்கு வந்திருந்தது. ஆனால் கரண்ட் பில் நான் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. மறுபடி நோட்டைப் புரட்டினேன். கோடையில் 38,000 லிட்டர் ஏற்ற மோட்டார் ஆறு மணி நேரம் ஓடியிருக்கிறது. மணிக்கு சுமார் 6,300 லிட்டர். இது 5 ஹெச்பி மோட்டார். எனக்கு மோட்டார் தெரியாது, ஆனால் வகுத்தல் தெரியும். இணையத்தில் அந்தக் கம்பெனியின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், எங்கள் உயரத்துக்கு அது இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் தள்ள வேண்டும்.

எலக்ட்ரீஷியன் தம்பி கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்ததில் 4 கிலோவாட் இழுத்தது. ஆயிரம் லிட்டர் மேலே ஏற 0.63 யூனிட். இதற்கு ஒரு அடிப்படைக் கணக்கு உண்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் உயர்த்த, எந்த நஷ்டமும் இல்லையென்றால், 2.7 வாட்-ஹவர் போதும் (ஆயிரம் வாட்-ஹவர் சேர்ந்தால் ஒரு யூனிட்). எங்களுக்குக் குழாய் உராய்வையும் சேர்த்து 25 மீட்டர் என்றால் 0.07 யூனிட். உலகத்தில் எந்த பம்ப்பும் நஷ்டமில்லாமல் ஓடாது, அதனால் மூன்று மடங்கு, 0.2 யூனிட் என்றால் நல்ல பம்ப். எங்களுடையது ஒன்பது மடங்கு தின்றது.

ஏன் என்று தேடினால் ஒரு காரணம் இல்லை, வரிசையாக வந்தது. மோட்டாருக்கு ஏற்கெனவே இரண்டு முறை காயில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்து முனை மழுங்கியிருந்தது. உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் பாதி சேறு. எல்லாவற்றுக்கும் மேலே, டெலிவரி குழாயின் கேட் வால்வு பாதி மூடியிருந்தது! மூன்று வருடத்துக்கு முன் மாடியில் ஒரு ஜாயின்ட் ஒழுகியதாம். பிரஷர் குறையட்டும் என்று யாரோ வால்வைத் திருகிவிட்டு, பிறகு ஜாயின்டைச் சரிசெய்தும் திறக்க மறந்துவிட்டார்கள். ஒரு காலால் ஆக்சிலரேட்டரையும் மறு காலால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு மூன்று வருடம் வண்டி ஓட்டியிருக்கிறோம்.

புதிதாக 2 ஹெச்பி பம்ப் வாங்கலாம் என்றதும் கூட்டத்தில் ஒரே எதிர்ப்பு. "அஞ்சே தண்ணி ஏத்தல, ரெண்டு எப்படிம்மா ஏத்தும்?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை, கடைக்காரரிடமே எழுதி வாங்கினேன்: 25 மீட்டர் உயரத்தில் மணிக்கு 9,000 லிட்டர் வராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பம்ப் வாங்கும்போது ஹெச்பியைக் கேட்காதீர்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு லிட்டர் என்று சொல்லிக் கேளுங்கள். மாட்டிய அன்று எல்லாரும் கீழே நின்று பார்த்தார்கள். மணிக்கு 9,000 வந்தது, இழுத்தது 2 கிலோவாட். தினம் 24 யூனிட் தின்ற இடத்தில் இப்போது ஆறுக்குள் முடிகிறது. மேல்தொட்டி நிரம்பினால் தானாக அணையும் சென்சாரும், சம்ப் காலியானால் ஓடாமல் தடுக்கும் சென்சாரும் சேர்த்தே போட்டோம்.

விளக்கு விஷயம் சுலபம். கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் மாடிப்படியிலும் 40 பழைய ட்யூப்லைட், பழைய சோக்கோடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 வாட். 20 வாட் எல்இடிக்கு மாற்றினோம், முடிந்தது. ஆள் நடந்தால் எரியும் சென்சாரைப் பாதி விளக்குக்குத்தான் போட்டேன். எல்லாவற்றுக்கும் போட்ட பக்கத்து அடுக்ககத்தில், இருட்டுக்குள் முதல் அடி வைக்கப் பயந்து வயதானவர்கள் மாலையில் கீழே வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

முதல் கோடையில் பொதுப் பகுதிக்கு இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 3,900 யூனிட், 24,000 ரூபாய். எல்லாம் முடிந்தபோது 1,850 யூனிட். 2022 செப்டம்பரில் மின்கட்டணத்தில் அடுக்ககப் பொதுப் பயன்பாட்டைத் தனி வகையாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றார்கள். பத்து வீட்டுக்கு உட்பட்ட, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அடுத்த வருடம் 5.50 ஆகக் குறைத்தார்கள். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் அந்த 8 ரூபாய்க் கணக்கில் 1,850 யூனிட்டுக்கு 15,000-க்குள்தான் வந்தது. பழைய யூனிட்டே இருந்திருந்தால் 31,000.

மழைநீர் சேகரிப்புக்கு வருகிறேன். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆனதே, அதன்படி எங்களிடமும் ஒரு குழி இருந்தது. அனுமதி வாங்குவதற்காகத் தோண்டியது. உள்ளே டைல்ஸ் உடைசலும் ஒரு கிரிக்கெட் பந்தும்தான் கிடைத்தன. மொட்டை மாடி இரண்டும் சேர்த்து 8,000 சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 740 லிட்டர். சென்னையில் வருடத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, கூட்டிப் பெருக்கிக்கொள்ளுங்கள். மாடிக் குழாய்களை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக சம்ப்புக்கும், சம்ப் நிறைந்தால் போர்வெல் பக்கத்துக் குழிக்கும் திருப்பினோம். முதல் மழையை வெளியே விட்டுவிட ஒரு வால்வு. அதைத் திருப்ப ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், மறந்தால் புறா எச்சம் முழுக்க சம்ப்பில்தான்.

2021 நவம்பரில் ஒரே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டியது. அந்த மாதம் ஒரு லாரிகூட வாங்கவில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி தெருத் தண்ணீர் ஸ்டில்ட்டுக்குள் ஏறியது. சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தது. செப்டிக் டேங்க் எங்கே, சம்ப் எங்கே என்று பிரிக்க முடியாத நிலை. சேமித்த மழைநீர் அத்தனையையும் இறைத்துக் கொட்டி, மூன்று முறை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். சேமிப்பைப் பற்றி யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. இப்போது சம்ப் வாய் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. குழந்தைகள் அதன் மேல் உட்கார்ந்து கேரம் விளையாடுகிறார்கள்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க வேண்டும் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய கட்டடத்தில் ஒரு வீட்டுக்கே சமையலறைக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று என நாலைந்து குழாய் தனித்தனியாக இறங்குகிறது. 48 வீட்டுக்கு இருநூறு மீட்டர் ஆகும். அதற்குப் பதில் மேல்தொட்டிக்கு ஒன்றாக இரண்டே மீட்டர் வைத்து, தினம் காலையில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் "ஏ இவ்வளவு, பி இவ்வளவு" என்று எழுதிப் போட்டோம். ஏ பிளாக்கிடம் தோற்பதை பி பிளாக் எப்படி விரும்பும்? 26,000 அங்கிருந்து 24,500 ஆனது.

எங்கள் தெருவுக்கு வாரியக் குழாய் வந்தால் இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு கடலிலிருந்து வருகிறது. மீஞ்சூரில் 2010 முதல், நெம்மேலியில் 2013 முதல். கடல்நீரை நல்ல தண்ணீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நாலு யூனிட் ஆகும். எங்கள் மோட்டார் அதை மேலே ஏற்ற எடுத்துக்கொள்வது 0.22. வீராணம் ஏரியிலிருந்து வருவதோ இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து வருகிறது. அந்த ஃப்ளஷ் டேங்க் அப்போதும் கசிந்தால், எங்கள் பில்லில் தெரியாமல் வேறு எங்கோ மின்சாரம் ஓடும். அவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப கேசரி தொடருமா?" என்றார். தொடரும் என்றேன்.

வாட்ச்மேன் அண்ணன் போன வருடம் ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் பையன் போனிலேயே குறித்து அனுப்புகிறேன் என்றான். நோட்டிலும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். ஏழாவது நோட்டு ஓடுகிறது. ஏப்ரலிலிருந்து இரண்டாவது போர் மோட்டார் அதே தண்ணீருக்கு நாற்பது நிமிடம் கூடுதலாக ஓடுவதாக அதில் தெரிகிறது. நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், குழாயில் எங்காவது ஓட்டையாக இருக்கலாம். வியாழக்கிழமை மெக்கானிக் வருகிறார், மோட்டாரை மேலே எடுத்துப் பார்க்கப் போகிறோம்.